கோடையில் சிறிய ஏரிகளில் டிரவுட் மீன் எங்கே போய்விடுகிறது?

வெப்பநிலை சட்டென்று இறங்கும் நடு நீர் அடுக்குக்கு 'வெப்பச் சரிவு அடுக்கு' என்று பெயர். கோடையில் டிரவுட் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் நிற்கும். சூடான நீர் லேசானது, மேலேயே தங்கிவிடும். வாளியில் குளிர்ந்த நீர்மேல் வெந்நீரை மெதுவாக ஊற்றிக் கலக்காமல் கை விட்டுப் பாருங்கள், புரியும். டிரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் இதமானது. 20-ஐத் தாண்டினால் பாவம், திணறும். அந்த நீரில் அதைப் பிடித்துத் திரும்ப நீரிலேயே விடுவதுகூட அதன் உயிருக்கு ஆபத்து.

படகிலோ மிதவை வளையத்திலோ இருந்தபடி, நூலில் தெர்மாமீட்டரைக் கட்டி மீட்டர் மீட்டராக இறக்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் பொறுங்கள், அவசரப்பட்டால் அளவு தப்பும். சூடு சட்டென்று குறையும் ஆழத்தில் தூண்டிலை விட்டு, மெல்ல நகருங்கள்.

அப்புறம், 'ஆழம் கூடினால் மீனும் கூடும்' என்பது சரியல்ல: கோடையில் பல ஏரிகளின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்திருக்கும், அங்கே டிரவுட் தங்காது.