ஒரு டாலர் சம்பளக்காரர்கள்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கனடா அரசு நடத்திய போர்த்தளவாட, வழங்கல் துறை பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் பெரிய முதலாளிகள் ஆண்டுக்கு ஒரு டாலர் சம்பளத்தில் வேலை பார்த்தார்களாமே! பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதானே?

எம்., ஓசூர்

அன்புள்ள எம்.,

சந்தேகம் நியாயமானதுதான். அந்த ஒரு டாலரைத் தியாகம் என்று நானும் சொல்லமாட்டேன். பலருக்கு அவரவர் கம்பெனியே பழைய சம்பளத்தைத் தொடர்ந்து கொடுத்துவந்தது.

ஆனால் கடிவாளம் அமைச்சர் சி. டி. ஹோவ் கையில் இருந்தது. தானியக் கிடங்குகள் கட்டிப் பெயர் வாங்கிய பொறியாளர் அவர். 1940 ஏப்ரலில் துறை தொடங்கியது. அந்த டிசம்பரில் அவர் பிரிட்டன் போன கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. உயிர்காப்புப் படகில் ஏறித் தப்பினார். உடன் சென்ற ஒரு டாலர்க்காரர்களில் மதுபான அதிபர் இ. பி. டெய்லர் பிழைத்தார், கார்டன் ஸ்காட் இறந்துபோனார். எல்லோரும் ஒட்டாவாவில் சும்மா நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கவில்லை.

டொராண்டோ பக்கத்து மால்டனில் நேஷனல் ஸ்டீல் கார் என்ற தனியார் கம்பெனி நடத்திய விமான ஆலை சரியாகப் போகவில்லை என்றதும், 1942இல் அரசே அதை எடுத்துக்கொண்டது. கனடாவில் கட்டிய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்துதான் வந்தன. முதலாளிகளின் பிடியில் இருந்த துறை இதைச் செய்யுமா?

பாலிமர் கம்பெனியின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும், நம் ஆட்கள் மரம் சீவிப் பால் எடுத்த எஸ்டேட்டுகளின் ரப்பர் நேசநாடுகளுக்கு நின்றுபோனது. டயர் இல்லாமல் லாரி எப்படி ஓடும்? ஒன்டாரியோ மாகாணத்துச் சார்னியாவில் பாலிமர் என்ற அரசுக் கம்பெனியை ஹோவ் தொடங்கினார். சொத்து அரசுடையது, செயற்கை ரப்பருக்கு மூலப்பொருளான ஸ்டைரீனைத் தயாரிக்கும் பிரிவை நடத்தியது டௌ என்ற ரசாயனக் கம்பெனி, ரப்பர் பிரிவை நடத்தியது நான்கு டயர் கம்பெனிகளின் கூட்டு. அடுத்த ஆண்டே செயற்கை ரப்பர் வெளிவந்தது. போருக்குப் பிறகும் அந்த ஆலையை மூடவில்லை. கனடாவின் 1971 வரிசைப் பத்து டாலர் நோட்டின் பின்பக்கத்தில் அதன் படத்தைப் பார்க்கலாம்.

எனக்குள்ள குறை முதலாளிகள் மேல் அல்ல, ஹோவ் மேல்தான். யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் போர்க்காலப் பழக்கம் அவரை விடவே இல்லை. 1956இல் எரிவாயுக் குழாய் மசோதாவுக்காக, அவர் இருந்த அரசு விவாதத்தையே மட்டுப்படுத்தி நாடாளுமன்றத்தில் பெரிய ரகளையைக் கிளப்பியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில், சொந்தத் தொகுதியான போர்ட் ஆர்தரிலேயே ஒரு பள்ளி ஆசிரியரிடம் தோற்றார்.