936-இல் கரகரப்பது யார்?

கேள்வி: 1970-களில் திருச்சி வானொலி எங்கள் ஊரில் கண்ணாடி மாதிரி கேட்கும். இப்போது முள்ளை 936 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் கரகரப்புக்கு நடுவே யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. பண்பலையை வளர்ப்பதற்காக மத்திய அலையை (மீடியம் வேவ்) அரசாங்கமே திட்டமிட்டுக் கொன்றுவிட்டது என்கிறேன் நான். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்? வீட்டில் ஒரு பேட்டரி டிரான்சிஸ்டரும், பரணில் தாத்தாவின் மர்ஃபி வால்வு செட்டும் இருக்கின்றன. காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: கொலை என்றே வைத்துக்கொள்வோம். தடயத்தை முதலில் உங்கள் வீட்டில் தேடுங்கள்.

நடுப்பகல் 12 மணிக்கு டிரான்சிஸ்டரில் புது செல் போட்டு 936-ஐப் பிடியுங்கள். ஏன் நடுப்பகல் என்றால், ராத்திரியில் வான்வழியாகத் திரும்பி வரும் தூரத்து நிலையங்கள் எல்லாம் வந்து மேலே ஏறிக்கொள்ளும். பகலில் தரையோடு வரும் அலை மட்டும்தான். சோதனைக்கு அதுதான் நம்பகமானது. இப்போது மெயின் சுவிட்சை அணையுங்கள். கரகரப்பு சட்டென்று அடங்கினால் குற்றவாளி திருச்சியில் இல்லை, உங்கள் கூடத்தில் இருக்கிறார். அடங்காவிட்டால் ரேடியோவை எடுத்துக்கொண்டு மின்கம்பிகளை விட்டு நூறு மீட்டர் தள்ளி வயல் வரப்பில் நின்று கேளுங்கள்; அங்கே அடங்கினால் ஆள் பக்கத்து வீட்டிலோ மின்கம்பியிலோ இருக்கிறார்.

ஆள் யார் என்பதைச் சத்தமே சொல்லிவிடும். விடாமல் 'ர்ர்ர்' என்று தடித்த உறுமல் வந்தால், குமிழைத் திருகி வேகம் மாற்றும் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர். அதற்குப் பதில் நாலைந்து படி உள்ள கண்டென்சர் ரெகுலேட்டர் போட்டால் போய்விடும். டயலில் சீரான இடைவெளி விட்டு, பல இடங்களில் 'கீ' என்றும் 'புஸ்' என்றும் தலைகாட்டினால் மொபைல் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, டி.வி., இன்வெர்ட்டர் இவற்றில் ஒன்று. உள்ளே இருக்கும் சிறு சர்க்யூட் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை கரண்டை வெட்டி வெட்டி விடுகிறது. 67 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஒரு மலிவு சார்ஜரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பதினான்காவது மடங்கு 938. நேராகத் திருச்சியின் தலையில்! தரமான பல்புகளிலும் சார்ஜர்களிலும் இதைத் தடுக்க ஒரு சின்ன காயிலும் கண்டென்சரும் இருக்கும். மலிவுச் சரக்கில் முதலில் மிச்சம் பிடிக்கப்படுவது அந்த இரண்டும்தான். மழை தூறும்போது மட்டும் படபடவென்று பொரிந்தால் கம்பத்து இன்சுலேட்டரைப் பார்க்கச் சொல்லி மின்வாரியத்துக்கு எழுதுங்கள்.

நீங்கள் ஏங்கும் அந்த எழுபதுகளில் வீட்டில் என்ன இருந்தது? நாலு குண்டு பல்பு, ஒரு மின்விசிறி. இரண்டும் வானொலிக்குத் தொந்தரவு தராத சாதுக்கள். டிரான்ஸ்மிட்டர் அதே வலுவில் ஒலிபரப்பினாலும், அதை மூழ்கடிக்கும் இரைச்சல் வீட்டுக்கு வீடு உயர்ந்துவிட்டது. டெல்டாவில் மின்தடை வரும் இரவுகளில் டிரான்சிஸ்டர் திடீரென்று பளிச்சென்று பேசுவதைக் கவனித்திருப்பீர்கள். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் உங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததே, அந்த நாட்களைவிட மத்திய அலைக்கு உகந்த நேரம் இந்த நூற்றாண்டில் டெல்டாவுக்கு வாய்க்கவில்லை.

ரேடியோவை வைக்கும் திசையும் ஒரு விஷயம். உள்ளே பென்சில் போல ஃபெரைட் ராட் ஒன்று படுத்திருக்கும். அதன் பக்கவாட்டிலிருந்து வரும் அலையைத்தான் அது நன்றாக வாங்கும். நுனி காட்டும் திசையில் காது கேட்காது. மன்னார்குடிக்குத் திருச்சி ஏறக்குறைய நேர் மேற்கு, சுமார் 80 கிலோமீட்டர். ஆகவே ராட் வடக்கு தெற்காகப் படுக்க வேண்டும். பெரும்பாலான செட்டுகளில் ராட் நீளவாட்டில்தான் இருக்கும் என்பதால், ரேடியோ கிழக்கையோ மேற்கையோ பார்த்து உட்கார்ந்தால் சரி. இரைச்சல் தரும் பொருளை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, ராட் நுனியின் திசையில் வைத்துவிட்டால் அதன் கொட்டமும் பாதி அடங்கும்.

அரசாங்கம் கொன்றதா என்பதற்கு வருகிறேன். 936-க்கு அலைநீளம் சுமார் 320 மீட்டர். கால் அலை உயரத்தில் கோபுரம் கட்டினால் 80 மீட்டர். கோபுரம் மட்டும் போதாது. அடியிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி 120 செம்புக் கம்பிகளை, ஒவ்வொன்றும் 80 மீட்டர் நீளத்துக்கு, மண்ணுக்குள் புதைப்பது வழக்கமான கணக்கு. பெருக்கிப் பாருங்கள்: ஒன்பதரை கிலோமீட்டருக்கு மேல் செம்பு, ஐந்து ஏக்கர் நிலம். ஊர் வளர்ந்து அந்த நிலம் மனையாகும் விலைக்கு வருகிறது. செம்புக்கோ திருடர்கள் காத்திருக்கிறார்கள். கம்பி களவு போனாலும் உப்பரித்து அறுந்தாலும் நிலையம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஊருக்குப் போக வேண்டிய சக்தியில் ஒரு பங்கு கோபுரத்தடி மண்ணைச் சூடாக்கிவிட்டு நின்றுவிடும். 100 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் வால்வு இல்லாத புது மாதிரி சாலிட் ஸ்டேட்டாகவே இருந்தாலும், குளிரூட்டலையும் சேர்த்தால் மணிக்குச் சுமார் 150 யூனிட் குடிக்கும். 10 கிலோவாட் பண்பலைக்கு இருபது யூனிட் பக்கம் போதும். அதிகாரியின் மேஜையில் இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் முடிவு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நாட்டில் பல மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் நிறுத்தப்பட்டதற்கு இதுவே போதிய காரணம், சதி தேவையில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. பண்பலை ஏறக்குறைய பார்வைக்கோட்டில் போவது. நூறு மீட்டர் கோபுரத்திலிருந்து அதன் அடிவானம் 41 கிலோமீட்டரில் முடிந்துவிடும். கொடைக்கானல் பண்பலை பல மாவட்டங்களில் கேட்கிறதே என்று சொல்லாதீர்கள்; அதற்கு 2,000 மீட்டருக்கு மேல் ஒரு மலை இலவசமாகக் கிடைத்தது. டெல்டாவில் ஏது மலை? மத்திய அலை நிலத்தைத் தழுவிக்கொண்டே போகும், ஈர மண்ணில் இன்னும் நன்றாக, உப்புக் கடல் மேல் எல்லாவற்றையும்விட நன்றாக. பகலிலேயே இலங்கை வானொலி நம் கரையோர ஊர்களில் உள்ளூர் நிலையம் மாதிரி ஒலித்ததற்கு அந்த உப்புத் தண்ணீருக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். புகழ் மட்டும் அறிவிப்பாளர்களுக்குப் போய்விட்டது.

அரசைத் திட்டத்தான் வேண்டும் என்றால் டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் ஒலிபரப்புக்காகத் திட்டுங்கள். மத்திய அலையில் மட்டும் சுமார் 35 டிரான்ஸ்மிட்டர்களை ஆகாசவாணி அதற்கு ஏற்றபடி நிறுவியது. கேட்கும் பெட்டியை யார் செய்வார்கள், என்ன விலைக்கு விற்பார்கள் என்பதை யாரும் தீர்க்கவில்லை. தெருக்கோடி எலெக்ட்ரிக் கடையில் டி.ஆர்.எம். ரேடியோ கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். பழைய ஒலிபரப்போடு சேர்த்து அதையும் அனுப்பும் நிலையங்களில், முள் சற்று நகர்ந்தால் சாதாரண ரேடியோவில் 'ஷ்ஷ்' என்று சீரான இரைச்சல் கேட்கும். அதுதான் அந்த டிஜிட்டல்.

இன்னொன்று, கேட்க என்ன இருந்தது என்பது. 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையம் அறுபதுகளில் ஆடுதுறை 27 என்ற 105 நாள் குறுவை ரகத்தைப் பற்றி விடாமல் சொன்னது: நாற்றங்கால் எப்போது, யூரியா எப்போது, பூச்சிக்கு என்ன என்று. தஞ்சை விவசாயிகள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த வட்டாரத்து மண்ணைத் தெரிந்தவர் மைக் முன்னால் இருந்ததால் வந்த பெயர் அது. அறிவிப்பாளர் ஓய்வுபெற்ற நாற்காலியில் அன்றாடக் கூலிக்குத் தற்காலிக ஆளை உட்கார வைத்து, மீதி நேரத்தைச் சென்னையிலிருந்தும் தில்லியிலிருந்தும் அஞ்சல் செய்தால், எண்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் எதற்காகக் கரகரப்பைப் பொறுத்துக்கொண்டு கேட்க வேண்டும்? இந்த இடத்தில் மட்டும் உங்கள் கோபம் எனக்குச் சம்மதம்.

டிரான்சிஸ்டரைப் போட்டுவிடாதீர்கள். 60 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர மரச்சட்டம் ஒன்று அடியுங்கள். அதன் விளிம்பில் பிளாஸ்டிக் உறையிட்ட மெல்லிய ஒயரை, சுற்றுக்குச் சுற்று அரை சென்டிமீட்டர் விட்டு 13, 14 சுற்று சுற்றுங்கள்; 35 மீட்டர் ஒயர் போதும். இரண்டு முனைகளையும் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய 365 பிகோஃபாரட் கேங் கண்டென்சரில் (நிலையம் மாற்றத் திருப்பும் சுழல் கண்டென்சர்) பற்றவையுங்கள். ரேடியோவோடு இணைப்பு ஒன்றும் வேண்டாம். சட்டத்தின் விளிம்பு திருச்சியைப் பார்க்கட்டும். ரேடியோவை அதன் அருகில், உள்ளிருக்கும் ராட் சட்டத்துக்குக் குறுக்காக வரும்படி வையுங்கள். கேங்கை மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் குரல் எழும்பி நிற்கும். டயலின் கீழ்க்கோடி எட்டவில்லை என்றால் ஒரு சுற்று கூட்டுங்கள், மேல்கோடி எட்டவில்லை என்றால் ஒன்று குறையுங்கள்.

மர்ஃபியை ஆசையில் நேராக பிளக்கில் செருகிவிடாதீர்கள். முப்பது வருஷம் சும்மா கிடந்த ஃபில்டர் கண்டென்சர் ஷார்ட் ஆகியிருந்தால் அதோடு ரெக்டிபையர் வால்வும், சமயத்தில் டிரான்ஸ்பார்மரும் போய்விடும். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் செட்டோடு தொடரில் (சீரீஸில்) போட்டுக் கரண்ட் கொடுங்கள். பல்பு முதலில் எரிந்து மெல்ல மங்கினால் பிழைத்தது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்டென்சர்களை மாற்றச் சொல்லுங்கள். மெயின் டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. மாடலாக இருந்தால் உள்ளிருக்கும் உலோகச் சட்டத்திலேயே (சேஸி) கரண்ட் இருக்கும், பின்மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பேரனைப் பக்கத்தில் விடாதீர்கள்.