சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில்கள்: கேள்வி பதில்

கேள்வி: பழைய தகர ரயில் சேகரிக்க ஆசை, சார். கையில் பெரிய தொகை இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: ஹார்ன்பியின் ஓ கேஜ் ரயில்களிலிருந்து. லிவர்பூலின் மெக்கானோ கம்பெனி 1920இல் தொடங்கிய வரிசை இது. ஓ கேஜ் என்றால் தண்டவாள இடைவெளி 32 மி.மீ. அதில் எம்1 என்ற சின்ன நாலு சக்கர இன்ஜினையும், பிரிட்டிஷ் ரயில்வே நிறத்தில் பின்னாளில் வந்த இன்ஜின்களையும் தேடுங்கள். ஏராளமாகச் செய்ததால்தான் இவை மலிவு, மட்டமான வேலை என்பதால் இல்லை. மெட்டாய், பிரிம்டாய், அமெரிக்காவின் மார்க்ஸ் ரயில்களும் கைக்கு எட்டும். ஜெர்மன் கம்பெனியான மெர்க்லினின் விலை கூடிய பெரிய இன்ஜின்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: வாங்கும்முன் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: முதலில் சாவி. மெதுவாக இரண்டு மூன்று சுற்றுக் கொடுங்கள். 'டிக் டிக்' என்று பிடித்துக்கொண்டு, கை கொஞ்சம் கொஞ்சமாக இறுக வேண்டும். சாவி பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தால் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது, அல்லது கொக்கியிலிருந்து நழுவியிருக்கிறது. முறுக்கு ஏறியும் சக்கரம் அசையவில்லையா? பல நேரம் பழைய எண்ணெய் கோந்து போல இறுகியிருக்கும், அவ்வளவுதான், அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். பிரேக்கை விடுவிக்கும்போது சக்கரத்தை விரலால் லேசாகத் தடுத்துப் பிடியுங்கள். சும்மா விட்டால் வெறிபிடித்தாற்போல் சுற்றிப் பல்சக்கரம் தேயும். ஓடும் சத்தம் ஒரே சீராக இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தடுக்கினால், ஏதோ ஒரு பல் போயிருக்கிறது.

அப்புறம் சக்கரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். 1930களின் துத்தநாகக் கலவை வார்ப்புகளில் ஈயம் கலந்துவிட்டால், உலோகம் உள்ளுக்குள்ளேயே உப்பி, முடி போல விரிசல் விட்டு, ஒருநாள் பிஸ்கட் மாதிரி பொடியும். அதைத் தடுக்க வழி கிடையாது. புதுச் சக்கரம் மாற்றலாம். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

கேள்வி: என் ரயில் பெட்டியில் அங்கங்கே துரு. புதிதாகப் பெயிண்ட் அடிக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இத்தகைய மலிவு ரயில்களில் பெரும்பாலும் தட்டையான தகட்டிலேயே ஜன்னல், ஆணித்தலை, கம்பெனி எழுத்து எல்லாம் அச்சிட்டு, பிறகு வெட்டி மடித்து, சின்னத் தகர நாக்குகளைத் துளையில் செருகி வளைத்திருப்பார்கள். அந்த அச்சு போனால் போனதுதான். நான் முதலில் வாங்கியது பளபளவென்று இருந்த ஒரு பெட்டி. வீட்டுக்கு வந்து அடிப்பக்கம் பார்த்தால், புது பெயிண்டுக்கு அடியில் பழைய தங்கக் கோடு மங்கலாகத் தெரிந்தது. இன்றும் அதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். துரு இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் வைத்துத் துடைத்து எடுங்கள். தின்னர், மெட்டல் பாலிஷ் பக்கமே போகாதீர்கள், அச்சைத் தின்றுவிடும்.

கேள்வி: ஸ்பிரிங் அறுந்தால் இன்ஜின் அவ்வளவுதானா?

பதில்: இல்லை. அறுந்தது வெளி முனைக்குப் பக்கத்தில் என்றால் சரிசெய்யலாம். அந்த முனையை மட்டும் சிவக்கக் காய்ச்சி, தானாக ஆறவிட்டால் இளகும். அதில் புதிதாகக் கொக்கி வளைக்கலாம். ஆனால் முறுக்கு முழுவதும் இறங்காமல் சட்டத்தைப் பிரிக்கவே கூடாது. சீறி வரும் ஸ்பிரிங் கையைக் கிழித்துவிடும்.

கேள்வி: பேரனுக்கு நாலு வயது. விளையாடக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தகர ஓரமும் கூர்மை. நீங்கள் ஓட்டுங்கள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

கேள்வி: அட்டைப்பெட்டியோடு வாங்குவது நல்லதா?

பதில்: விலை ஏறும். ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு வேகன் வாங்குங்கள்.

கேள்வி: அடிக்கடி ஓட்டினால் கெட்டுவிடாதா?

பதில்: ஓட்டாமல் வைத்தால்தான் எண்ணெய் இறுகும். மாதம் ஒருமுறை நாலைந்து சுற்று ஓடவிடுங்கள். அலமாரியில் வைக்கும்போது மட்டும் முறுக்கு மிச்சம் இல்லாமல் இறங்கியிருக்கட்டும்.