கடற்கரையில் கிடைத்தது புதைபடிவமா? கேள்வி பதில்

கேட்பதற்கு முன் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். எந்தக் கரை, பக்கத்தில் ஆற்று முகத்துவாரமோ, கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவோ இருக்கிறதா, பொருள் மணலில் உதிரியாகக் கிடந்ததா பாறையில் பதிந்திருந்ததா. படம் அனுப்பினால் மேல், பக்கம், உடைந்த முகம் என மூன்று கோணங்களில் எடுங்கள். அருகில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ., அளவு தெரிந்துவிடும்.

கடலூர்: சார், தேவனாம்பட்டினம் பீச்சுல கையளவு கல் ஒண்ணு கிடைச்சது. பாக்க மரக்கட்டை மாதிரி இருக்கு, தூக்கினா நல்ல கனம். ஆண்டு வளையம் எதுவும் இல்ல, அதனால இது மரப் படிவம் இல்லன்னு நண்பர் சொல்றார். சரியா?

பதில்: வளையம் இல்லை என்பதை வைத்து ஒதுக்காதீர்கள். குளிரிலோ வறட்சியிலோ வளர்ச்சி நின்றுபோகும் ஊர்களின் மரத்தில்தான் வளையம் தெளிவாக விழும். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் இன்றைக்கும் வளையம் மங்கல்தான்.

நீங்கள் பார்க்க வேண்டியது குறுக்கு முகத்தை. அந்த முகத்தை நனைத்து, வெயில் சாய்வாக விழும்படி பிடித்து, 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். மரமாக இருந்தால் பெரும்பாலும் ஊசி முனை அளவில் துளைகள் பரவலாகத் தெரியும். அவை நீர் ஏறிய நாளங்கள். அவற்றுக்கு நடுவே மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். இப்போது கல்லைத் திருப்பிப் பக்கவாட்டைப் பாருங்கள். அதே துளைகள் நீளவாக்கில் கீறலாகத் தெரிய வேண்டும். இரண்டு முகத்திலும் ஒரே மாதிரி வரி ஓடினால் அது வரிவரியான வெறும் கல்.

அடுத்து, கண்ணாடித் துண்டில் அழுத்திக் கீறுங்கள். மரம் சிலிக்காவாக மாறியிருந்தால் கண்ணாடியில் கோடு விழும், வினிகர் விட்டால் நுரைக்காது. பிறகு அடர்த்தி. சமையலறை டிஜிட்டல் தராசில் கல்லின் உலர் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து பூஜ்ஜியமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, மில்லி லிட்டரில். உலர் எடையை அதால் வகுக்க வேண்டும். 130 கிராம் கல்லுக்கு 50 காட்டினால் அடர்த்தி 2.6, சிலிக்காக் கனிமமான குவார்ட்ஸின் 2.65-க்கு அருகில். நூல் தளர்ந்து கல் அடியில் உட்கார்ந்தால் கணக்கு தப்பிவிடும், கவனம்.

உங்கள் ஊரில் இது கிடைக்க வாய்ப்பு உண்டு. கேப்பர் மலை கடலூர் மணற்கல்லால் ஆனது, கெடிலம் ஆறு அதன் ஓரமாகத்தான் கடலுக்குப் போகிறது. அதே மணற்கல்லில்தான் திருவக்கரை கல்மரங்களும் கிடக்கின்றன. திருவக்கரைப் பூங்கா பாதுகாக்கப்பட்ட இடம். அங்கிருந்து துண்டு எடுப்பது குற்றம்.

பெசன்ட் நகர்: வெள்ளையா, நீள்வட்டமா, ரொம்ப லேசா, நகத்தால சுரண்டினா மாவு உதிருது. ஏதாவது விலங்கோட எலும்பா?

பதில்: கணவாய் ஓடு. சித்த மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பது இதுதான். புதைபடிவம் அல்ல.

நாகப்பட்டினம்: முட்டை வடிவத்துல, வழவழன்னு, பழுப்பு நிறத்துல எலும்பு மாதிரி ஒண்ணு. 4 செ.மீ. நீளம். டைனோசர் முட்டையா இருக்குமோன்னு பசங்க கேக்கறாங்க.

பதில்: மீன் எலும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். பாறை, வாளை போன்ற சில மீன்களில் வயது ஏற ஏறக் குறிப்பிட்ட சில எலும்புகள் மட்டும் உருண்டு பருக்கும். இது நோய் அல்ல, அந்த இனங்களின் இயல்பு. மீன் அழுகிப் போனாலும் இந்த எலும்பு கெட்டியாக நின்று கரை ஒதுங்கும். பார்ப்பவர்கள் கல் என்றே நினைப்பார்கள்.

ஊசி ஒன்றை இடுக்கியால் பிடித்துச் சிவக்கக் காய்ச்சி, வெளியே தெரியாத ஒரு மூலையில் தொடுங்கள். முடி கருகும் வாடை வந்தால் உள்ளே இன்னும் புரதம் இருக்கிறது, எலும்பு புதியது. வாடையே இல்லாவிட்டால் பழையது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். கடலில் நெடுநாள் அலைக்கழிந்த எலும்பும் வாடை தராமல் போகலாம். லென்ஸில் உடைந்த முகத்தைப் பாருங்கள். துளைகள் காலியாக இருக்கின்றனவா, கனிமம் நிறைந்து அடைபட்டிருக்கின்றனவா என்பதுதான் அடுத்த சான்று.

முட்டை என்றால் ஓடு வேண்டும். ஓட்டின் மேல் நுண்துளைகளும், உடைந்த விளிம்பில் சீரான தடிமனும் வேண்டும். 2020 அக்டோபரில் பெரம்பலூர் குன்னத்தில் டைனோசர் முட்டை என்று படம் பரவியதே, அவை அம்மோனைட் என்ற, அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரைச் சுற்றி மண் இறுகிய உருண்டைகள். உருண்டை வடிவம் மட்டும் எதற்கும் சான்றாகாது.

திருவான்மியூர்: இதுவும் முட்டை மாதிரிதான் சார், ஆனா கருங்கல் நிறம்.

பதில்: மேலே நாகப்பட்டினத்துக்குச் சொன்னதைப் பாருங்கள். கரையில் தூண்டில் வளைவுக்குக் கொட்டிய கல் இருந்தால், அது குவாரியிலிருந்து லாரியில் வந்த கல். அலையில் உருண்டு வழுவழுப்பாகியிருக்கும்.

பாம்பன்: ஐயா, எங்க கரைல பாறைக்குள்ளயே சிப்பி, சங்கு எல்லாம் பதிஞ்சிருக்கு. கல்லோட கல்லா ஒட்டிப்போச்சு. கோடி வருஷம் ஆகியிருக்குமா?

பதில்: கல்லாகிவிட்டது என்பதற்காகப் பழையது என்று ஆகாது. கடற்கரையில் மணல் வெகு வேகமாகக் கல்லாகும். ஓதம் ஏறி இறங்கும் பட்டையில் கடல்நீர் மணலுக்குள் இறங்குகிறது. வெயிலில் நீர் ஆவியாகி, கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடும் வெளியேறும்போது, சுண்ணாம்பு, மணல் மணிகளுக்கு நடுவே ஊசி ஊசியாகப் படிந்து எல்லாவற்றையும் ஒட்டிவிடுகிறது. இதற்குச் சில பத்தாண்டுகள் போதும்.

அடையாளம் இது: பாறை அடுக்கடுக்காக, கரையின் சரிவோடு சேர்ந்து கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். உள்ளே உள்ள சிப்பியில் பளபளப்பும் நிறமும் மிச்சமிருக்கும். பழைய படிவத்தில் சிப்பியின் மூலப் பொருள் பெரும்பாலும் கரைந்து வெறும் அச்சாகவோ, வேறு படிகமாகவோ மாறியிருக்கும்.

பவளத்தால் ஆன மேட்டுப் பாறை என்றால் அது வேறு. இராமேசுவரம் பக்கம் கடல் மட்டத்துக்கு மேல் நிற்கும் பவளத் திட்டு ஒன்றைக் கதிரியக்கக் கார்பன் முறையில் கணித்தபோது சுமார் 4,000 ஆண்டு வந்தது. கோடி அல்ல.

கன்னியாகுமரி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நிலத்துப் பாறையில் கடல் சிப்பி இருப்பதே குமரிக்கண்டம் மூழ்கியதற்கு ஆதாரம்தானே?

பதில்: இல்லை, அது எதிர்த்திசையைக் காட்டுகிறது. இன்று காய்ந்த நிலமாக இருக்கும் இடத்தில் கடல் உயிரின் ஓடு இருந்தால், அங்கே முன்பு கடல் இருந்து விலகியது அல்லது நிலம் உயர்ந்தது என்று பொருள். நிலம் மூழ்கியதைக் காட்ட வேண்டுமானால் கடலடியில் நிலத்தின் தடயம் வேண்டும்: மரவேர், ஆற்று மணல், நன்னீர் நத்தை.

மணப்பாடு: ஐயா சொல்றது சரி. எங்க ஊர்ல கரைப்பாறைக்குள்ள பாட்டில் கண்ணாடி பதிஞ்சு கெடக்கு. அது எத்தன வருசம் இருக்கும்?

பதில்: அருமையான சான்று. கண்ணாடியை உடைத்து எடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே நாணயம் வைத்துப் படமெடுங்கள். பாறை அந்தப் பாட்டிலுக்குப் பின்தான் இறுகியது.

கன்னியாகுமரி: அப்படியானால் பஃறுளியாறும் குமரிக்கோடும் பொய் என்கிறீர்களா? கடல் கொண்டது என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

பதில்: பொய் என்று சொல்லவில்லை. கடல் நிலத்தைக் கொண்டது உண்மைதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றைக்கு விட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை முழுக்கத் தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருகி அந்த நிலம் மூழ்கியது. கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாக நிலம் இழந்திருப்பார்கள். அந்த நினைவு பழம்பாடல்களில் தங்கியிருக்கலாம், அதை நான் மதிக்கிறேன்.

மறுப்பது கண்டம் என்பதை மட்டும். கண்டத்தின் பாறை கிரானைட் வகை, லேசானது, தடித்தது. குமரிக்குத் தெற்கே ஆழ்கடலின் தரை எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட், கனமானது, மெலிந்தது. மூழ்கிய கண்டம் இருந்திருந்தால் அங்கே அந்தத் தடித்த பாறை இருக்க வேண்டும். லெமூரியா என்ற கருத்தும் 1864-இல் ஃபிலிப் ஸ்க்லேட்டர், மடகாஸ்கரின் லெமூர் என்ற குரங்கு போன்ற விலங்கினங்கள் எப்படிப் பரவின என்று விளக்க முன்வைத்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்தபின் அதற்குத் தேவை இல்லாமல் போனது. தமிழின் பழமைக்கு இந்தக் கண்டம் முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இதைத் தனியாகப் பேசுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தூத்துக்குடி: பவளத் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன், பழையதுபோல் இருக்கிறது. இது என்ன விலை போகும்?

பதில்: விலை சொல்வதில்லை. அதைவிட முக்கியமானது, பவளப் பாறை உயிரினங்கள் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளன. செத்துக் கரை ஒதுங்கிய துண்டை எடுத்து வைத்தாலும் சிக்கல்தான். எடுக்காதீர்கள்.

வேதாரண்யம்: மெழுகு மாதிரி சாம்பல் நிறக் கட்டி. அம்பர்கிரிஸ்னா கோடிக்கணக்குல விலை போகுமாமே?

பதில்: விலைக் கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது. அம்பர்கிரிஸ் திமிங்கலக் குடலில் உருவாகும் கட்டி. திமிங்கலம் சார்ந்த எதையும் வைத்திருக்கவோ விற்கவோ இந்தியாவில் அனுமதி இல்லை. வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணம்: கீரிமலைக் கரையில சுண்ணாம்புப் பாறைக்குள்ள திருகு திருகா ஒரு பள்ளம் கண்டனாங்கள். ஓடு இல்லை, அச்சு மட்டும்தான். இது என்னண்டு சொல்லுவியளோ?

பதில்: இன்று வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் மயோசின் காலத்தது, கோடி ஆண்டுக் கணக்கில் பழையது. நீங்கள் பார்த்தது சுருள் நத்தையின் அச்சு. ஓடு அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகை, மழைநீரில் சுலபமாகக் கரையும். சுற்றியிருந்த கல் நின்றுவிட, ஓடு போய் இடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

உளி வைக்காதீர்கள். பள்ளத்தைத் தூரிகையால் துடைத்து, தண்ணீரால் நனைத்து, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை மெதுவாக அழுத்தி எடுங்கள். நனைக்காமல் விட்டால் களிமண் கல்லில் ஒட்டிப் பிய்ந்துவிடும். வெளிவருவது நத்தையின் வெளி வடிவம். சுருள் எத்தனை, ஒவ்வொரு சுருளிலும் முகடு உண்டா, வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக் கொண்டு குடும்பம்வரை சொல்லலாம். அதே பாறையில் பருப்பளவிலும் அதைவிடச் சிறிதாகவும் தட்டையான வில்லைகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். அவை ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் கடலுயிர்களின் ஓடுகள், பாறையின் வயதைக் கணிக்க நத்தையை விட அவையே உதவும்.

லண்டன்: ஷெப்பி தீவுக் கரையில் பொன் நிறத்தில் குச்சிகளும் ஒரு காயும் பொறுக்கினோம். வீட்டில் வைத்த சில மாதத்தில் வெள்ளைப் பொடி பூக்கிறது, பெட்டியின் அட்டையும் கருகுகிறது. வினிகரில் கழுவலாமா?

பதில்: வேண்டாம். யாருமே எதையும் வினிகரில் ஊறவைக்காதீர்கள். சுண்ணாம்பு கரையும், பைரைட் என்ற, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொன்நிறக் கனிமத்துக்கோ எந்தப் பயனும் இல்லை. சோதனைக்கு ஒரு மூலையில் ஒரு சொட்டு, உடனே கழுவு. அவ்வளவுதான் அதன் வேலை. அந்தச் சொட்டும் சுண்ணாம்பா இல்லையா என்று மட்டும் சொல்லும், வயதைச் சொல்லாது.

உங்களுடையது லண்டன் களிமண் என்ற பழைய படிவில் பைரைட்டாக மாறிய மரக்குச்சி. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் பைரைட் சிதைந்து கந்தக அமிலம் விடும். அட்டை கருகுவது அதனால்தான். பொடியை உலர்ந்த தூரிகையால் நீக்கி, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் புதுப்பியுங்கள். பூத்ததை நல்லவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். அந்தக் காய் நீப்பா பனையாக இருக்கலாம், ஷெப்பியில் பேர்போனது. அதன் இனம் இன்றும் சுந்தரவனத்திலும் இலங்கையின் கழிமுகங்களிலும் வளர்கிறது. ஈசீன் காலத்தில், அதாவது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்து அவ்வளவு சூடாக இருந்திருக்கிறது. அங்கே சரிந்த சேற்றில் கால் வைக்காதீர்கள், ஓத நேரம் பார்த்து இறங்குங்கள்.

கடலூர்: சார், லென்ஸ்ல துளை தெரியுது, பக்கவாட்டுல கீறலும் ஓடுது! இப்ப என்ன செய்யணும்?

பதில்: நல்லது. முதலில் உப்பை எடுங்கள். வாளி நல்ல தண்ணீரில் போட்டு, தினமும் நீரை மாற்றி, இரண்டு வாரம். உப்பு உள்ளேயே நின்றால் காயும்போது படிகமாகி மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். பிறகு நிழலில் காயவையுங்கள். வெயிலோ ஹேர் டிரையரோ வேண்டாம். மேலே வார்னிஷ், எண்ணெய், மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசை எதுவும் பூசாதீர்கள். பூசினால் லென்ஸில் எதுவும் தெரியாது. கண்டெடுத்த நாள், இடம், ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிக் கல்லோடு வையுங்கள். பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும்.