கூட்டு வெள்ளைப்பலகையிலிருந்து தரவை எடுக்கும் ஏபிஐ (ஒரு மென்பொருளிடம் இன்னொரு நிரல் தரவு கேட்கும் வழி) கருவிக்கு ஆவணம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

கருவியை எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், "நீங்கள்தான் நன்றாக எழுதுவீர்களே" என்று உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்கு நடந்தது அதுதான்.

எங்கள் அலுவலகத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழுவும் மீரோ என்ற இணைய வெள்ளைப்பலகையில் கூடி, நன்றாகப் போனவை, போகாதவை என்று ஸ்டிக்கி நோட் ஒட்டும். அவற்றைக் கையால் எக்செலுக்கு மாற்றிச் சலித்துப்போன ஒரு டெவலப்பர், பலகையின் ஐடியைக் கொடுத்தால் குறிப்புகளை எக்செலில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாகத் தரும் சின்னக் கருவி ஒன்றை எழுதினார். அரை மணி நேரம் வாயால் விளக்கினார். நான் எழுதிக்கொண்டேன். ஆவணத்தின் முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "பலகையில் உள்ள எல்லாக் குறிப்புகளையும் இக்கருவி எடுத்துத் தரும்."

அந்த 'எல்லா' என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. முதல் வாரமே ஒரு குழு 140 குறிப்புகள் ஒட்டிய பலகையில் கருவியை ஓட்டியது. வந்தவை பத்து. மீரோவின் ஏபிஐ, எத்தனை வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் ஒரு முறைக்கு 10 பொருட்களைத்தான் தரும். சொன்னாலும் 50-க்கு மேல் தராது. மிச்சம் இருந்தால் பதிலோடு 'கர்சர்' என்று ஓர் அடையாளம் வரும், அதைத் திருப்பிக் கொடுத்து அடுத்த தொகுதியைக் கேட்க வேண்டும். எங்கள் கருவி முதல் தொகுதியோடு திருப்தியடைந்து நின்றுவிட்டது. பிழைச் செய்திகூட இல்லை. மீரோவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், அவர்கள் ஆவணத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. நான் படிக்கவில்லை. டெவலப்பரும் படிக்கவில்லை, ஆனால் கூட்டக் குறிப்பில் "ஆவணப் பிழை" என்று மட்டுமே பதிவானது.

சரி, அதைத் திருத்தினோம். 140-உம் வந்தன. நிஜமான அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது.

இன்னொரு குழுவில் ஒரு வழக்கம்: மஞ்சள் குறிப்பு என்றால் பிடித்தது, இளஞ்சிவப்பு என்றால் பிடிக்காதது. எங்கள் சிஎஸ்வியில் எழுத்து, எழுதியவர், தேதி என்று மூன்றே நெடுவரிசைகள். துறைத் தலைவர் பலகையைத் திறந்தே பார்க்கவில்லை, கோப்பை மட்டும் பார்த்தார். "தினமும் காலை 9 மணிக் கூட்டம்" என்று ஏழு பேர் எழுதியிருந்தார்கள். மனிதர் மகிழ்ந்து போய், இவ்வளவு பேருக்குப் பயன்படுகிறதே என்று பாராட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, 15 நிமிடக் கூட்டத்தை 30 நிமிடமாக்கிவிட்டார். ஏழும் இளஞ்சிவப்பு.

"நிறம் வராது என்று ஆவணத்தில் ஏன் எழுதவில்லை?" என்று என்னிடம் கேட்டார்கள். இல்லாத ஒன்றை எப்படி எழுதுவது என்று எரிச்சலாக வந்தது. இரண்டு நாள் கழித்து யோசித்தால், கேள்வி சரியானதுதான். வெள்ளைப்பலகையை நாம் படிப்பதில்லை, பார்க்கிறோம். எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, எது என்ன நிறம், அம்பு எங்கே போகிறது என்பதில்தான் பாதி அர்த்தம். ஏபிஐ தருவதோ ஒரு பட்டியல். அம்புகளை வேறொரு கோரிக்கை அனுப்பித் தனியாகக் கேட்க வேண்டும். இடத்தைக் குறிக்கும் எக்ஸ், ஒய் எண்கள் வரும், அதிலும் ஒரு கண்ணி: சும்மா ஒட்டிய குறிப்புக்குப் பலகையின் மையத்திலிருந்து கணக்கு, ஃபிரேமுக்குள், அதாவது பலகையில் போடும் சட்டத்துக்குள், ஒட்டியதற்கு அந்த ஃபிரேமின் இடது மேல் மூலையிலிருந்து கணக்கு. ஒரே எண்களைக் கொண்ட இரண்டு குறிப்புகள் பலகையின் இரண்டு கோடிகளில் இருக்கலாம். அதனால் இப்போதெல்லாம் 'இக்கருவி கொண்டு வராதவை' என்ற பகுதியைத்தான் முதலில் எழுதுகிறேன். என்னென்ன தரும் என்பது அதற்குக் கீழே.

"ஏபிஐயின் விவரங்களை இயந்திரம் படிக்கும்படி எழுதிய ஓப்பன்ஏபிஐ கோப்பிலிருந்து ஆவணம் தானாகவே உருவாகிவிடுமே, இதற்கு ஓர் ஆள் எதற்கு?" என்று யாராவது வருவார்கள். தெரியும், நானும் அப்படி உருவாக்கியிருக்கிறேன். நிறம் என்றொரு புலம் உண்டு, அதன் மதிப்பு 'பிங்க்' அல்லது 'லைட் எல்லோ' என்பது வரை அது சொல்லும். பிங்க் என்றால் புலம்பல் என்று சொல்லாது.

சில்லறை விஷயங்கள். பலகையின் ஐடி பெரும்பாலும் சமக்குறியில் முடியும், இருமுறை சொடுக்கித் தேர்ந்தெடுத்தால் பல இடங்களில் அந்தக் குறி விட்டுப்போகும். மாதிரி ஐடியிலும் சமக்குறியோடு காட்டுங்கள். படிக்க மட்டும் அனுமதியுள்ள டோக்கன் (நிரலுக்கான கடவுச்சொல் மாதிரி) போதும் என்று எழுதுங்கள், ஸ்கிரீன்ஷாட்டில் உண்மையான டோக்கன் தெரியாமல் பாருங்கள். 429 என்று பதில் வந்தால் நிமிடத்துக்கான அளவு தீர்ந்தது என்று பொருள், காத்திருக்கச் சொல்லுங்கள். எங்கள் நிரலில் எங்கு பார்த்தாலும் 'ஆர்டிபி' என்று இருந்தது. 2019-க்கு முன்பு மீரோவின் பெயர் ரியல்டைம்போர்டு. அதன் மிச்சம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் ஆனது. உங்கள் வாசகர்களை அப்படி அலைய விடாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'எழுதுகிற வேலை' என்றால் வீட்டிலும் இதே கதி. போன வருடம் மாமா தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, காலையில் அச்சுக்குப் போகிறது, பிழை பார் என்றார். தமிழ்த் தேதிக்கும் ஆங்கிலத் தேதிக்கும் ஒரு நாள் இடித்தது. சொன்னேன். "அதெல்லாம் ஜோசியர் பார்த்துக் கொடுத்தது, நீ எழுத்துப்பிழையை மட்டும் பாரம்மா" என்றார். பார்த்தேன். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் காலையிலேயே மண்டபத்துக்கு வந்து நின்றவர்கள் எத்தனை பேர் என்று அவர் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

அதை விடுங்கள். எழுத உட்காரும் முன் ஒரு காலிப் பலகையைத் திறந்து 51 குறிப்புகள் ஒட்டுங்கள். இரண்டை ஃபிரேமுக்குள் போடுங்கள், ஒன்றை நிறம் மாற்றுங்கள், இரண்டுக்கு நடுவில் அம்பு ஒன்று இழுங்கள். கருவியை ஓட்டிவிட்டு, கோப்பையும் பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 51 எதற்கு என்று டெவலப்பரிடம் கேளுங்கள். அவர் விழித்தால், அன்றைக்கு 'எல்லா' என்ற சொல்லை எழுத வேண்டாம்.