மான் துப்பாக்கி: எந்தக் காலிபர், எவ்வளவு உதை?

அக்டோபர் பிறந்தால் போதும், அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற கடிதங்களில் பாதி ஒரே விஷயம்தான். "முதல் மான் சீசன், உதை குறைவான ரைஃபிள் ஒன்று சொல்லுங்கள்." இதையே ஜூலையில் கேட்டிருந்தால் பழகுவதற்கு நாள் இருந்திருக்கும். சரி, வந்தவரைக்கும் பார்ப்போம். காலிபர் என்று நான் சொல்வது குழல் துவாரத்தின் அகலத்தை வைத்துப் பெயரிட்ட தோட்டா ரகம். உதை என்பது சுட்டதும் துப்பாக்கி தோளில் இடிப்பது. குண்டு என்பது தோட்டாவிலிருந்து பறந்துபோகிற முனை. கீழே வரும் உதைக் கணக்கெல்லாம் ஸ்கோப்போடு சேர்த்து எட்டு பவுண்டு ரைஃபிளுக்கு, அடி-பவுண்டில், உத்தேசமாக. தசமப் புள்ளி கேட்டு யாரும் எழுத வேண்டாம்.

கே: .243, 6.5 கிரீட்மூர், 7எம்எம்-08. இந்த மூன்றில் எது சார்? இதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. (பிட்ஸ்பர்க்)

மூன்றுமே போதும். வெள்ளைவால் மானுக்கு இந்த மூன்றின் வித்தியாசம் தெரியாது, உங்கள் தோளுக்குத்தான் தெரியும். .243 பத்துக்குள் நிற்கும். 6.5 பதின்மூன்று, 7எம்எம்-08 அதைவிட ஒரு பிசிறு கூட. ஒப்பிட்டுப் பார்க்க .308 என்றால் பதினேழு, .30-06 இருபதைத் தாண்டும்.

.243 என்பது .308 கேஸின், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டின், கழுத்தைச் சுருக்கிச் செய்தது. 1955லிருந்து மான் அடித்துக்கொண்டிருக்கிறது. சிறுவர்களுக்கும் ஒடிசலான உடம்புக்காரர்களுக்கும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் குண்டின் எடை நூறு கிரெய்ன்தான் (கிரெய்ன் என்பது குண்டை எடைபோடும் அலகு), கோணல் கோணத்தில் சுட்டுவிட்டுச் சமாளிக்க இடம் கொடுக்காது. வளர்ந்த ஆளுக்கு என் மனசில் 7எம்எம்-08. ஆனால் சின்ன ஊர்க் கடைகளில் அதற்குத் தோட்டா ஒரு பெட்டி இருந்தால் அதிகம். 6.5 எங்கும் கிடைக்கும். அதனால் 6.5 வாங்குங்கள். பெட்டியில் 'மேட்ச்' என்று போட்டிருந்தால் அது குறி அட்டையில் சுடுவதற்கு. மானுக்கு, பட்டதும் விரிகிற வேட்டைக் குண்டு வேண்டும்.

உங்கள் பென்சில்வேனியாவில் மானுக்கு, சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறுகிற செமி-ஆட்டோ ரைஃபிள் கூடாது. ரைஃபிள் சீசனில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும். விதிப் புத்தகத்தை வருஷா வருஷம் புதிதாகப் படியுங்கள்.

கே: என்னிடம் 7எம்எம் துப்பாக்கி உள்ளது. நல்ல தோட்டா பரிந்துரைக்கவும். (டாலஸ்)

எந்த 7எம்எம்? 7எம்எம்-08 ஒன்று, 7எம்எம் ரெமிங்டன் மேக்னம் ஒன்று, 7எம்எம் பிஆர்சி ஒன்று, பழைய 7x57 மௌசர் ஒன்று. குழலின் மேலே முழுப் பெயரும் பொறித்திருக்கும். அதைப் படிக்காமல் கடைக்குப் போகாதீர்கள், எனக்கும் எழுதாதீர்கள். "உள்ளே நுழைகிறதே" என்று மாற்றிப் போடுவது விளையாட்டில்லை. .300 பிளாக்அவுட் தோட்டா .223 துப்பாக்கிக்குள் நுழைந்துவிடும். விசையை இழுத்ததும் துப்பாக்கி வெடித்துச் சிதறும். பொறித்ததைப் பாருங்கள், பெட்டியைப் பாருங்கள், தோட்டாவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மூன்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும்.

கே: மனைவிக்கு 6.5 கிரீட்மூர் எடுத்துவிட்டேன். மானுக்கு எந்த கிரெய்ன் நல்லது? (கொலம்பஸ், ஒஹையோ)

எந்த கிரெய்னும் இல்லை. ஒஹையோவில் மானுக்குக் கழுத்துச் சுருங்கிய தோட்டா கூடாது. 2014லிருந்து அங்கே ரைஃபிளில் அனுமதி, கழுத்துச் சுருங்காத நேர்ச்சுவர் கேஸுக்குத்தான். விதிப் புத்தகம் என்று நான் தொண்டை வறளக் கத்துவது இதற்காகத்தான். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டால் .350 லெஜண்டுக்கு மாற்றுங்கள். 2019ல் வந்தது, உதை எட்டு ஒன்பதுதான், 150 கஜத்துக்குள் மானுக்குத் தாராளம். ஷாட்கன்னில் போடுகிற ஒற்றைக் குண்டான 12 கேஜ் ஸ்லக் முப்பது உதைக்கும். .450 புஷ்மாஸ்டரும் உங்கள் மனைவிக்கு வேண்டாம்.

கே: எச்1பி விசாவில் இருக்கிறேன். ரைஃபிள் வாங்கலாமா அண்ணா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (சார்லட்)

நண்பர்களை விடுங்கள். ஃபெடரல் சட்டப்படி உங்களைப் போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. விதிவிலக்குகள் சில உண்டு. உங்களுக்குப் பொருந்துவது, மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். ஆக முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பு, அப்புறம் லைசென்ஸ், அதற்கப்புறம்தான் கடை. வாங்கும்போது நிரப்புகிற 4473 படிவத்திலேயே இந்தக் கேள்வி இருக்கிறது.

பலர் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில். லைசென்ஸ் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும், ஆனால் துப்பாக்கி அலமாரியிலேயே இருக்கும். அது ஃபெடரல் குற்றம், விசாவுக்கும் ஆபத்து. எச்4ல் இருக்கும் மனைவிக்கு அவர் பெயரில் தனி லைசென்ஸ் வேண்டும். பணம் கட்டுமுன் ஒரு குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: மனைவிக்கு முதல் ரைஃபிள். 5 அடி 2 அங்குலம், ஒல்லி. கடையில் .300 வின்செஸ்டர் மேக்னம் சொல்கிறார்கள். இப்போது மானுக்கு, பிற்பாடு எல்க் என்கிற பெரிய மானுக்கும் ஆகுமாம். ஆறு பவுண்டுதான், மலையில் தூக்க லேசு. சரிதானே? (டென்வர்)

இல்லை. இந்தக் கடிதம் வெவ்வேறு கையெழுத்தில் ஒவ்வொரு வருஷமும் வருகிறது, படிக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வளர்கிற பிள்ளைக்கு இரண்டு சைஸ் பெரிதாக யூனிஃபார்ம் எடுக்கிற புத்தி துப்பாக்கிக் கடைக்கும் வந்துவிட்டது. யூனிஃபார்மையாவது மடித்துத் தைக்கலாம்.

எடை குறைந்தால் உதை ஏறும், அதற்குமேல் அதில் ரகசியமில்லை. எட்டு பவுண்டில் முப்பதைத் தொடுகிற .300, ஆறு பவுண்டில் நாற்பதை நெருங்கும். .243ஐப் போல நான்கு மடங்கு. முதல் தோட்டாவிலேயே உங்கள் மனைவி, இது வலிக்கிற சமாச்சாரம் என்று முடிவு கட்டிவிடுவார். அதோடு லேசான ரைஃபிளில் ஸ்கோப் பின்னால் பாய்ந்து புருவத்தைக் கிழிக்கும். சுட்டுப் பழகும் ரேஞ்சில் பிறை வடிவத் தழும்போடு யாரையாவது பார்த்தால் கதை என்னவென்று கேட்கவே வேண்டாம்.

காயம் ஆறிவிடும், துடிப்பு ஆறாது. வெடிக்கப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் விரல் இழுக்குமுன் தோள் முந்திக்கொள்ளும். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ரேஞ்சில் சுடுகிறவருக்குத் தெரியாமல் இடையில் ஒரு டம்மித் தோட்டாவைப் போட்டுக் கொடுங்கள். விசை இழுபடும், 'டிக்' என்று ஒரு சத்தம், வெடிக்காது. அந்த நொடியில் குழல் முனையைக் கவனியுங்கள். இரண்டு அங்குலம் கீழே குனியும், கண் இறுக மூடியிருக்கும். நிஜத் தோட்டாவாக இருந்தால் குண்டு மானின் நெஞ்சுக்குப் போகாது, வயிற்றுக்கோ காலுக்கோ போகும். அந்த மான் இருட்டியபிறகும் எங்கோ துடித்துக்கொண்டிருக்கும். மேக்னம் வாங்கியதால் கிடைத்த கூடுதல் சக்திக்கு என்ன பிரயோஜனம்?

எல்க் என்று பயம் காட்டுகிறார்களே, உங்கள் கொலராடோ விதியைப் படியுங்கள். எல்க்குக்கே குறைந்தபட்சம் .24 காலிபர், 85 கிரெய்ன் குண்டு, நூறு கஜத்தில் ஆயிரம் அடி-பவுண்டு சக்தி. அது சட்டத்தின் அடிமட்டம், நான் எல்க்குக்கு .243 சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் 140 கிரெய்ன் செம்புக் குண்டோ, உறையும் ஈயமும் பிரியாதபடி ஒட்டிய பாண்டட் குண்டோ போட்ட 7எம்எம்-08, 250 கஜத்துக்குள் எல்க்கைச் சாய்க்கும். மானுக்கும் அதுவே. இரண்டாவது துப்பாக்கி தேவைப்படாது.

அதனால் 7எம்எம்-08ல் 'காம்பாக்ட்' மாடல் கேளுங்கள். தோளில் பதிக்கிற பின்கட்டை நீளம் பன்னிரண்டரை அங்குலம் இருக்கும். பெரியவர்களுக்குச் செய்வது பதின்மூன்றரை, பதின்மூன்றே முக்கால். கட்டை நீளமாக இருந்தால் கழுத்தை நீட்டிச் சுட வேண்டிவரும், உதை தோள் மூட்டில் விழும். எடை ஏழரைக்குக் கீழே போக வேண்டாம். முதல் மாதம் முழுக்க, உதையே தெரியாத .22 மட்டும். தோட்டா நீங்களே நிரப்புகிற ஆள் என்றால் எச்4895 வெடிமருந்தை, உச்ச அளவில் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல், குறைத்து நிரப்ப அதைத் தயாரிப்பவர்களே வழி சொல்லியிருக்கிறார்கள். அட்டவணையைப் பார்த்து, அந்த மருந்துக்கு மட்டும். மற்ற மருந்தில் அப்படிக் குறைப்பது ஆபத்து. காதுக்கு உள்ளே அடைப்பான், அதன்மேல் மூடி. புதியவர்கள் பயப்படுவதில் பாதி சத்தத்துக்குத்தான், உதை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சுடப்போவது அவர்.

கே: .243ல் சுட்டேன், மான் விழாமல் எண்பது கஜம் ஓடித்தான் விழுந்தது. காலிபர் சின்னது என்கிறார் மாமா. (மேடிசன், விஸ்கான்சின்)

நுரையீரலில் பட்ட மான் ஓடத்தான் செய்யும், .30-06ல் சுட்டாலும் ஓடும். ரத்தம் இளஞ்சிவப்பாக, நுரை நுரையாக இருந்ததா? அப்படியென்றால் சரியான இடம். அரைமணி உட்கார்ந்துவிட்டுப் பின்தொடருங்கள். புல்லில் பச்சையாகக் கசடு ஒட்டியிருந்தால் வயிறு. அப்போது ஆறு எட்டு மணி நேரமாவது விட்டுப் போங்கள், அவசரப்பட்டு விரட்டினால் அடுத்த கவுண்டிக்குப் போய்விடும். மாமாவுக்கு என் வணக்கம்.

கே: மசில் பிரேக் போட்டால் உதை குறையுமாமே? (அட்லாண்டா)

குழல் முனையில் மாட்டி வாயுவைப் பக்கவாட்டில் திருப்புகிற சாமான்தானே, குறையும், நன்றாகவே குறையும். சத்தம் ஏறும், பக்கத்தில் நிற்பவர் காது போகும். காட்டில் காதுமூடி போட மறப்பவர் நீங்கள் என்றால் வேண்டாம்.

கே: லீவர் ஆக்‌ஷன் .30-30 மேல் ஆசை. உதை எப்படி? (நாஷ்வில்)

1895லிருந்து மானுக்கென்றே இருக்கிற தோட்டா. கணக்கில் பத்து, பதினொன்றுதான். ஆனால் ஒல்லியான கட்டை, பின்னால் ரப்பர் இல்லாத பழைய மாடல் என்றால் அதைவிட உறைக்கும். ரப்பர் பட்டை மாட்டிக்கொள்ளுங்கள். இதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மேகசின் இருக்கும், அதில் கூர்முனைக் குண்டு போடவே கூடாது. ஒன்றின் முனை, முன்னால் இருப்பதன் அடியிலுள்ள பிரைமர் என்ற பற்றவைப்பானில் முட்டிக்கொண்டு நிற்கும், உதையில் அது வெடித்துவிடலாம். தட்டை முனை, அல்லது இதற்கென்றே வரும் மிருதுவான பாலிமர் முனை. 150 கஜத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

கே: கனடாவில் என்ன செய்வது தம்பி? மகன் ஆசைப்படுகிறான். (ஸ்காபரோ)

அண்ணை, முதலில் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு, பிஏஎல் என்ற துப்பாக்கி உரிமம். வேட்டைக்குத் தனி வகுப்பு, அவுட்டோர்ஸ் கார்டு. ரைஃபிள் பிறகு. தெற்கு ஒன்டாரியோவில் பல வலயங்களில் மானுக்கு ரைஃபிளே கூடாது, ஷாட்கன், குழல் வாய் வழியே மருந்து நிரப்புகிற மசில்லோடர், வில் மட்டும். மகன் எந்த வலயத்தில் வேட்டைக்குப் போவான் என்று பார்த்துவிட்டு எழுதுங்கோ. வடக்கே என்றால் .243 அல்லது 6.5.

கே: கலிபோர்னியாவில் ஈயக் குண்டு தடையாமே. .243க்குச் செம்பு சரிப்படுமா? (ஃப்ரெஸ்னோ)

2019 ஜூலையிலிருந்து எல்லா வேட்டைக்கும் தடை. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடலில் கிடக்கும் ஈயத்துணுக்கைத் தின்று காண்டர் கழுகுகள் செத்தன, அதுதான் காரணம். .243க்குச் செம்பு நன்றாகவே சரிப்படும். 80, 85 கிரெய்ன் செம்புக் குண்டு உடையாமல் ஆழமாகப் போகும், இந்தக் காலிபரின் குறையே அங்கே தீர்ந்துபோகிறது. வேகம் குறைந்தால் செம்பு விரியாது, ஆகவே 250 கஜத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கே: டெக்சாஸில் நம்மூர்ப் புள்ளிமானைச் சுடலாம் என்கிறார்களே, நிஜமா? .223 போதுமா? (ஆஸ்டின்)

நிஜம்தான். 1930களில் கொண்டுவந்து விட்டார்கள், ஹில் கன்ட்ரியில் பெருகிவிட்டது. வெளியிலிருந்து வந்த இனம் என்பதால் சீசன் கட்டுப்பாடு இல்லை. வேட்டை லைசென்ஸும் நிலத்துக்காரர் சம்மதமும் வேண்டும். ஊரில் இருக்கும் தம்பிக்குப் போட்டோ அனுப்பி ஆசை காட்டாதீர்கள். அங்கே 1972 சட்டம் இருக்கிறது, ஜெயில்.

.223 அங்கே சட்டப்படி சரி. வெர்ஜீனியாவில் .23க்குக் கீழே கூடாது, கொலராடோவில் .24க்குக் கீழே கூடாது. சட்டம் விட்டாலும் புதியவருக்கு நான் சொல்ல மாட்டேன். புள்ளிமான் கிடா வெள்ளைவாலைவிடக் கெட்டி. 6.5க்குப் போங்கள்.

கே: கடையிலேயே ஸ்கோப்பை போர்-சைட் செய்து கொடுத்துவிட்டார்கள். நேரே காட்டுக்குப் போகலாம் அல்லவா? (கிராண்ட் ரேப்பிட்ஸ்)

போகக் கூடாது. போர்-சைட் என்பது ஸ்கோப்பைக் குழலோடு உத்தேசமாக ஒத்துவைப்பது; முதல் குண்டு அட்டையில் எங்காவது படும், அவ்வளவே. 25 கஜத்தில் ஆரம்பித்து நூறுக்குப் போங்கள். இந்தப் பக்கத்தில் சொன்ன .243, 6.5, 7எம்எம்-08 மூன்றுக்கும் நூறில் ஒன்றரை, இரண்டு அங்குலம் மேலே வைத்தால் இருநூறில் ஏறக்குறைய நேராக இருக்கும். காட்டுக்கு எடுத்துப்போகிற அதே தோட்டாவில் சுட்டுச் சரிபார்க்க வேண்டும். மலிவு என்று வேறு பெட்டியில் சுட்டுவிட்டுப் போனால் குண்டு வேறு இடத்துக்குப் போகும். ஒரே ரகத்தில் இரண்டு பெட்டி வாங்குங்கள், ஒன்றை ரேஞ்சில் தீர்த்துவிடுங்கள். காதை மூடிக்கொண்டு.