தமிழ் விக்கிப்பீடியாவில் மேற்கோள் வார்ப்புருக்களை வேகப்படுத்துவது எப்படி?

கேள்வி இதுதான்: 300 மேற்கோள்கள் உள்ள நீண்ட கட்டுரை. ஒரே ஒரு எழுத்தைத் திருத்தி முன்தோற்றம் பார்த்தாலும் பல நொடி காத்திருக்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, பக்கத்தின் கடைசியில் உள்ள வார்ப்புருக்கள் (பெயர் சொல்லி அழைத்தால் பக்கத்தில் விரியும் ஆயத்தத் துண்டுகள்) விரியாமல் வெறும் பெயராக நிற்கின்றன. மேற்கோள் வார்ப்புருவை வேகமாக்கினால் இது சரியாகுமா?

இதில் இரண்டு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. காத்திருப்பது நேரச் சிக்கல். வார்ப்புரு பெயராக நிற்பது அளவுச் சிக்கல். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு உதவாமல் போகலாம். அதனால் கை வைப்பதற்கு முன் அளந்து பாருங்கள்.

மூலத்தைத் தொகுக்கும் பக்கத்தில் முன்தோற்றம் கொடுத்துவிட்டு அடிவரை போனால், மடித்து வைத்த அட்டவணை ஒன்று இருக்கும். அதில் முக்கியமானவை நான்கு: பக்கத்துக்கு ஆன மொத்த சிபியு நேரம், லுவா என்ற நிரல்மொழிக்கு மட்டும் ஆன நேரம் (வரம்பு 10 நொடி), வார்ப்புருக்கள் விரிந்த பிறகான அளவு (வரம்பு 20,97,152 பைட்டு, அதாவது 2 எம்பி), சர்வருக்குச் செலவு மிகுந்த செயற்கூறுகளை (ஃபங்ஷன்களை) அழைத்த எண்ணிக்கை (வரம்பு 500). சேமித்த பக்கத்தின் எச்டிஎம்எல் மூலத்தைத் திறந்தால், எந்த வார்ப்புரு எத்தனை முறை அழைக்கப்பட்டது, எத்தனை சதவீத நேரம் எடுத்தது என்ற பட்டியலும் கிடைக்கும். ஒருமுறை அளந்து முடிவுக்கு வராதீர்கள். சர்வரின் சுமையைப் பொறுத்து எண்கள் ஏறி இறங்கும், மூன்று நான்கு முறை பாருங்கள். மேற்கோள்களின் பங்கு சிறியதாக இருந்தால், குற்றவாளி தகவற்சட்டமோ அடியில் அடுக்கிய வழிகாட்டிப் பெட்டிகளோதான். மேற்கோளைத் தொடவே வேண்டாம்.

நேரச் சிக்கலை முதலில் எடுத்துக்கொள்வோம். 2013 வரை மேற்கோள் வார்ப்புருக்கள் முழுக்க விக்கி நிரலில், 'இஃப்', 'ஸ்விட்ச்' என்ற நிபந்தனைக் கட்டளைகளின் அடுக்குகளாகவே இருந்தன. அந்த ஆண்டு ஸ்க்ரிபன்ட்டோ நீட்சி வழியாக லுவா வந்த பிறகுதான் வேலை சிஎஸ்1 மாட்யூலுக்கு (மேற்கோளை வடிவமைக்கும் லுவா நிரலுக்கு) மாறியது. பெரிய லாபம் அப்போதே கிடைத்துவிட்டது. இன்று மிச்சமிருப்பது, ஒவ்வொரு மேற்கோளுக்கும் திரும்பத் திரும்ப நடக்கும் வேலையைப் பக்கத்துக்கு ஒருமுறை நடப்பதாக மாற்றுவதுதான்.

மேற்கோள் ஒவ்வொன்றும் தனித்தனி 'இன்வோக்', அதாவது மாட்யூலைத் தனித்தனியாக அழைக்கும் கட்டளை. ஒன்றில் கணக்கிட்டது அடுத்ததற்குத் தெரியாது. 'ரிக்வயர்' என்ற லுவா கட்டளை மூலம் ஏற்றிய தரவு அட்டவணை, மாதப் பெயர்களோ பிழைச் செய்திகளோ அனுமதித்த அளபுருக்களோ (பாராமீட்டர்களோ) எதுவானாலும், 300 மேற்கோளுக்கு 300 முறை புதிதாகக் கட்டப்படும். அதையே 'லோட்டேட்டா' மூலம் ஏற்றினால் பக்கத்துக்கு ஒருமுறை போதும். சிஎஸ்1 தன் அமைப்புத் தரவையும் அனுமதிப் பட்டியலையும் இப்படித்தான் ஏற்றுகிறது. தமிழாக்கத்துக்கென்று நாம் தனியாகச் சேர்க்கும் அட்டவணைகளும் அதே வழியில் போக வேண்டும். கட்டுப்பாடுகள் உண்டு: அந்தத் தரவுக்குள் செயற்கூறுகள் இருக்கக்கூடாது, எழுத முயன்றால் பிழை வரும். நீளம் காணும் # குறியும் 'டேபிள்' நூலகச் செயற்கூறுகளும் அதன் மேல் சரியாக வேலை செய்யாது. உறுப்புகளை ஒரே சரமாக (எழுத்துத் தொடராக) இணைக்கும் கான்கேட் கொடுத்துவிட்டு வெற்றுச் சரம் வருகிறதே என்று குழம்புவது இங்கேதான். சுழற்சிக்குள் ஒரே மதிப்பைப் பலமுறை படிப்பதாக இருந்தால், முதலில் ஒரு லோக்கல் மாறியில் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது மட்டும் தேவைப்படும் தரவைத் தேவைப்படும் இடத்தில் ஏற்றினால் போதும். தவறான அளபுருவுக்கு மாற்றுப் பெயர் சொல்லும் பட்டியலை சிஎஸ்1 அப்படித்தான் வைத்திருக்கிறது.

அடுத்தது தமிழுக்கு நேரடியாகப் பொருந்துவது: யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் 'யூஸ்ட்ரிங்' நூலகம். இதன் தேடல், மாற்றல் செயற்கூறுகள் பெரும்பாலும் லுவாவிலிருந்து விக்கி மென்பொருளின் மொழியான பிஎச்பிக்குப் போய்த் திரும்பும், அதற்கு நேரம் பிடிக்கும். முன்தோற்றத்தின் லுவா சுயவிவரத்தில் 'கால்பேக்' என்ற சொல்லோடு ஜிசப் (மாற்றல்), மேட்ச் (தேடல்) முதலிடத்தில் நின்றால் இதுதான் காரணம். சாதாரண 'ஸ்ட்ரிங்' நூலகம் பைட்டுகளை மட்டுமே பார்க்கும். ஆனாலும் 'ஏப்ரல்' என்ற முழுச் சொல் சரத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க அதுவே போதும், ஃபைண்ட் செயற்கூறில் நான்காவது அளபுருவாக 'ட்ரூ' கொடுங்கள். தமிழ் எழுத்துகளைச் சதுர அடைப்புக்குள் வைத்து வரம்பாகத் தேடும்போதும் எழுத்துகளை எண்ணும்போதும் வெட்டும்போதும்தான் முக்கியமாக யூஸ்ட்ரிங் தேவை. இதை மறந்து ஸ்ட்ரிங்கில் 'அ முதல் ஹ வரை' என்று எழுதினால், மூன்று பைட்டு எழுத்து நடுவில் அறுந்து குப்பையாக வரும்.

விக்கித்தரவிலிருந்து (எல்லா விக்கிகளுக்கும் பொதுவான தரவுத்தளம்) மேற்கோள் எடுக்கும் வார்ப்புருக்களை நீண்ட கட்டுரையில் தாராளமாகப் பயன்படுத்தாதீர்கள். ஒரு நூலின் தலைப்புக்காக முழு உருப்படியையும் ஏற்றுவது கனமான வேலை. நாளிதழ் பெயருக்குக் கட்டுரை இருக்கிறதா என்று 'இஃப்எக்சிஸ்ட்' வைத்துப் பார்ப்பதும் ஆபத்து. வெவ்வேறு தலைப்புகள் 500ஐத் தாண்டினால், இருக்கிற கட்டுரையையும் இல்லை என்றே சொல்லும். சேமித்த பக்கத்தில் பிழைச் செய்தி எதுவும் வராது, பக்கத்தின் அடிப்பகுதியில் இணைப்புகள் மட்டும் காணாமல் போகும்.

இனி அளவுச் சிக்கல். தமிழில் இது கூடுதலாகக் கடிக்கும், காரணம் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு மேற்கோளின் பின்னாலும் 'கொயின்ஸ்' என்ற மறைவான தரவு உண்டு. ஸோட்டெரோ போன்ற மென்பொருள்கள் நூல் விவரத்தை எடுப்பது அதிலிருந்துதான். அதில் எல்லாம் சதவீதக் குறியீட்டில் எழுதப்படும். 'தமிழ்நாடு' என்ற சொல்லில் 9 யூனிகோடு குறிகள். திரையில் 27 பைட்டு, கொயின்ஸில் 81 பைட்டு. தலைப்பு, ஆசிரியர் மட்டுமல்ல, கட்டுரையின் பெயரும் ஒவ்வொரு மேற்கோளிலும் அதில் சேரும். கட்டுரையின் பெயர் 'தமிழ்நாடு' என்றால், 300 மேற்கோளில் அதற்கு மட்டுமே 24,300 பைட்டு.

இதற்கு மேல் இரட்டிப்பு வேறு. இணையப் பக்க மேற்கோளுக்கான 'சைட் வெப்' வார்ப்புரு மாட்யூலை அழைத்து, வந்ததை அப்படியே திருப்பித் தருகிறது. மாட்யூலின் வெளியீடு ஒருமுறை, வார்ப்புருவின் வெளியீடு ஒருமுறை என்று கணக்கில் இரண்டு முறை ஏறும். மேற்கோளுக்கு 3,000 பைட்டு என்று வைத்தால் 300க்கு 18,00,000. வரம்பை நெருங்கியாயிற்று. குறிப்பிட்ட நாளிதழுக்கென்று, செய்தி மேற்கோளுக்கான 'சைட் நியூஸ்' மேல் இன்னொரு வார்ப்புரு போர்த்தியிருந்தால் மூன்று மடங்கு. அத்தகைய உள்ளூர் வார்ப்புருக்களை நேராக மாட்யூலையே அழைக்கும்படி மாற்றுங்கள், ஓர் அடுக்கு குறையும். கட்டுரைக்குள்ளேயே நேரடி இன்வோக் எழுதுவதைக் கடைசி வழியாக வையுங்கள். அளவு பாதியாகும், ஆனால் காட்சித் தொகுப்பியில் திருத்துவது சிரமமாகிவிடும்.

அதற்கு முன் கட்டுரையைப் பாருங்கள். ஒரே நூலை முப்பது இடத்தில் முழுதாக எழுதியிருந்தால், ஒருமுறை பெயரிட்டு மற்ற இடங்களில் பெயரை மட்டும் கொடுங்கள். பக்க எண் வேறுபட்டால் சுருக்க அடிக்குறிப்பு போதும். எந்த நிரல் மாற்றத்தையும்விட இது அதிகம் குறைக்கும்.

கொயின்ஸை வெட்டிவிடலாமே என்று தோன்றும். கூடாது. தமிழ் நூல்களின் விவரங்கள் ஒழுங்கான தரவாகக் கிடைக்கும் இடங்கள் ஏற்கெனவே குறைவு. வேகத்துக்காகத் தனியாக ஓர் 'இலகு மேற்கோள்' வார்ப்புரு உருவாக்குவதும் வேண்டாம். தானியங்கிகள் அதை அடையாளம் காணாது, இறந்த இணைப்புகள் இறந்தபடியே கிடக்கும்.

மாட்யூலில் எந்த மாற்றமும் முதலில் மணல்தொட்டியில், அதாவது சோதனைப் பிரதியில். ஒரே மேற்கோளைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி வெளியீட்டை ஒப்பிடுங்கள். தமிழ் தேதி, பல ஆசிரியர்கள், காலியான தலைப்பு ஆகிய மூன்றும் சோதனையில் கட்டாயம் இருக்கட்டும். ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கம்) சொல்லிவிட்டு, மாற்றங்களைச் சேர்த்து ஒரே சேமிப்பாகப் போடுங்கள். ஒவ்வொரு சேமிப்புக்கும் அந்த மாட்யூலைப் பயன்படுத்தும் எல்லாப் பக்கங்களும் மறுஆக்க வரிசையில் நிற்கும். அந்த வரிசை நகர நேரமாகும். ஒரு கட்டுரையை மட்டும் உடனே சரிபார்க்க வேண்டுமானால், அதைத் தொகுக்கத் திறந்து எதையும் மாற்றாமல் சேமியுங்கள்.